சாமி இறங்கிய வண்டி

என் வேலையே சந்தேகப்படுவதுதான். அதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. மலாக்கா டவுனிலும் சுற்றியுள்ள கம்பங்கள் என்கிற சிற்றூர்களிலும் கடை கடையாகப் போய், வியாபாரிகளின் தராசையும் படிக்கற்களையும் சோதிக்க வேண்டும். சரியாக இருந்தால் கம்பி கோத்து ஈய முத்திரை குத்துவேன். இல்லாவிட்டால் பிடுங்கிக்கொண்டு வருவேன். கல்லின் அடியில் குடைந்து மெழுகு அடைத்தவனையும், தட்டுக்குக் கீழே புளியை உருட்டி ஒட்டியவனையும் பார்த்துப் பார்த்து, வீட்டில் மனைவி உப்புப் போட்டேன் என்றாலும் ருசி பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவேன்.

என் பையில் வேண்டுமென்றே எடை குறைத்த கல் ஒன்று எப்போதும் இருக்கும். புதுக் கடைக்குப் போனால் அதை நீட்டி, "இதை வைத்துச் சர்க்கரை நிறுங்கள்" என்பேன். ஆபீஸ் குமாஸ்தாவைக் கிராணி என்பது எங்கள் ஊர் வழக்கு. "என்னா கிராணி, கல்லு இளைச்சுப் போச்சே" என்று சொல்பவன் யோக்கியன். பேசாமல் நிறுத்துக் கொடுப்பவன் கடைக்கு அந்த மாதமே இன்னொரு தடவை போவேன். பொய் சொல்லித்தான் உண்மையைப் பிடிக்க முடியும் என்பது அந்தக் காலத்தில் என் சித்தாந்தம்.

நான் கார் வாங்கியது சுதந்திரம் வந்த வருஷத்தில். வெள்ளைக்காரத் துரைமார்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்காலி, நாய், பியானோ எல்லாம் கைமாறிக்கொண்டிருந்தன. ஒரு எஸ்டேட் துரையிடம்தான் என் காரை வாங்கினேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் விலைக்கு வாங்கிய மாடு என்பதால் பல், குளம்பு, வால் எல்லாவற்றையும் பார்த்தேன். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. குறை தெரியாததே எனக்கு உறுத்தலாக இருந்தது.

வண்டியை காஜா பேராங்கில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும், பூசை போடாமல் சக்கரம் உருளக்கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். எங்கள் தெருவுக்கு இரண்டு சந்து தள்ளிச் செட்டி கம்பம். செட்டி என்றதும் லேவாதேவிக் கடைச் செட்டியார்களை நினைத்துவிடக் கூடாது. இவர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்து, தமிழை மறந்து மலாய் பேசுகிறவர்கள். மறக்காதது சாமியை மட்டும்தான். அந்த விஷயத்தில் நம்மைவிட அவர்கள் ஒரு படி மேலே. அவர்கள் கோயிலில்தான் பூசை நடந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், ஒரு பூசணிக்காய், முன்னால் மாலை, சந்தனம், குங்குமம். கடைசியாகப் பூசாரி மந்திரித்த செம்புத் தகடு ஒன்றை எடுத்து, வண்டியின் மூக்கில் உள்ள கம்பித் தட்டியில் மேல் முனைகள் இரண்டையும் மஞ்சள் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார். உள்ளங்கை அகலத் தகடு. நிஜச் செம்புதானா என்று யாரும் பார்க்காதபோது நகத்தால் கீறிப் பார்த்தேன். செம்புதான். ஆனால் மிகவும் மெல்லிசு, எடை குறைவு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் செங் பக்கம் ஒரு கடைக்குப் போகும்போது சத்தம் ஆரம்பித்தது.

டவுனுக்குள் ஓட்டும்போது ஒன்றும் இல்லை. வெட்டவெளிச் சாலைக்கு வந்து முப்பது மைல் வேகத்தைத் தாண்டியதும் எங்கிருந்தோ ஒரு சிணுங்கல் கிளம்பியது. பால் கேட்டு அழப்போகும் பிள்ளை தொண்டையைச் சரிசெய்துகொள்வதுபோல முதலில் மெல்ல வந்தது. வேகம் கூட்டினால் குரலும் ஏறியது. வேகத்தைக் குறைத்தால் நின்றது. இறங்கிப் பார்த்தேன், வண்டி சாதுவாக நின்றது. ஏறி ஓட்டினேன், மறுபடியும் அழுதது.

ஆபீசில் சொன்னேன். அங்கே கார் வைத்திருந்தவர் ஒருவர்தான். அவர் சிரித்துவிட்டு, "கியர் பொட்டியில வாழப்பழத் தோல போட்டு வித்திருப்பான் லா. இல்லன்னா மரத்தூள். ஒரு வாரம் சத்தமே வராது. அதுக்குள்ள துரை கப்பல் ஏறிடுவான்" என்றார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மஞ்சள் காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று மனைவி அடிக்கடி சொல்வாள். ஆனால் சில சமயம் நிஜமாகவே மஞ்சளாக இருக்கும் பொருளும் உண்டல்லவா.

மெக்கானிக்கைப் பற்றிச் சொன்னது அவள்தான். செட்டி கம்பத்து ஆள், ஐம்பதை நெருங்கியவர், தெங்கேராவில் ஒரு சீனர் பட்டறையில் பத்தொன்பது வருஷமாக வேலை செய்கிறவர். அவர் மனைவியும் என் மனைவியும் வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். அவரிடம் போகச் சொன்னதோடு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தாள்.

"இங்க பாருங்க, அந்தப் பட்டறையில ரெண்டு பேரு வேலை செய்யிறாங்க. துரைங்கெல்லாம் போறாங்கள்ல, ரிப்பேருக்கு காடி வர்றது கொறஞ்சு போச்சாம். ஒருத்தர நிப்பாட்டப் போறாராம் மொதலாளி தவுக்கே. யாரு மேல மொதப் புகார் வருதோ அவரு வீட்டுக்குப் போகணுமாம். அவங்க வீட்டம்மா அழுவுறாங்க. நீங்க உங்க வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க."

"நான் என்ன புகார் பெட்டியா?" என்றேன்.

"ஆமா" என்றாள் அவள்.

சனிக்கிழமை வண்டியைக் கொண்டுபோனேன். மெக்கானிக் ஒல்லியாக, நெற்றியில் விபூதிக் கீற்றோடு, அதிகம் பேசாதவராக இருந்தார். நாங்கள் பேசியதெல்லாம் மலாய்தான். அவர் என்னைக் கிராணி என்பார், நான் அவரை அபாங் என்பேன். அண்ணன் என்று அர்த்தம். அவர் பேச்சை இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

சிணுங்கல் என்றதும் அவர் வண்டியைத் தொடவில்லை. கேள்வி கேட்டார். எந்த வேகத்தில் வருகிறது? எந்தக் கியரில்? மழையில் வருகிறதா? நாடி பிடிக்கத் தெரியாத வைத்தியன்தான் வாயைத் திறந்து கேட்பான் என்று எனக்கு உடனே ஒரு நினைப்பு. கடைசியில் அவர் கேட்டார்:

"சரிவில் இறங்கும்போது இஞ்சினை அணைத்துப் பார்த்தீர்களா, கிராணி? அப்போதும் கேட்கிறதா?"

பார்த்திருந்தேன். பெட்ரோல் மிச்சம் பிடிக்க குருபோங் சரிவில் தினமும் இஞ்சினை அணைத்துத்தான் இறங்குவேன். இஞ்சின் தூங்கும்போதும் அந்தச் சிணுங்கல் விடாமல் கேட்டது. ஆனால் பையில் இருக்கும் இளைத்த கல்லின் ஞாபகம் எனக்கு வந்துவிட்டது. ஆள் எப்படி என்று பார்ப்போமே என்று தோன்றியது.

"அணைத்தால் நின்றுவிடும்" என்றேன்.

தொழில் தெரிந்தவன் என்றால் என்னைச் சந்தேகப்பட வேண்டும். "நிச்சயமா?" என்றாவது கேட்க வேண்டும். அவர் தலையை ஆட்டி, "அப்படியானால் இஞ்சின் பக்கம்தான்" என்று சொல்லி என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டார். என் கணக்கில் அவருக்கு அப்போதே ஒரு மதிப்பெண் குறைந்தது.

அதன் பிறகு அவர் செய்தது எனக்கு இன்னும் விசித்திரமாக இருந்தது. மூலையில் இருந்த வாளிக்குப் போய் சோப்புப் போட்டு இரண்டு கையையும் முழங்கை வரை கழுவினார். ஊரில் எல்லோரும் வேலை முடிந்த பிறகு கை கழுவுவார்கள். இவர் கிரீசைத் தொடும் முன்பே கழுவுகிறார். ஆரம்பிக்கும்போதே கை கழுவுகிறவனை நம்பி வண்டியை விட்டுவிட்டுப் போகலாமா என்று யோசித்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன்.

சாயங்காலம் போனபோது பெல்ட் மாற்றியிருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தெங்கேராவைத் தாண்டி வெட்டவெளிக்கு ஓட்டிக்கொண்டு போனார். முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. ஒரு சத்தமும் இல்லை. பட்டறைக்குத் திரும்பியதும் தவுக்கே என்னை உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். குடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மெக்கானிக் மறுபடியும் கையைக் கழுவிவிட்டு, வண்டியின் முன்னால் குனிந்து எதையோ செய்துகொண்டிருந்தார். அவர் முதுகுதான் தெரிந்தது. நிமிர்ந்து திரும்பியபோது இரண்டு கையும் இன்னும் நெஞ்சுக்கு நேரே கூப்பியபடி இருந்தன. என்னைப் பார்த்துத்தான் கும்பிடுகிறார் என்று நினைத்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது இதுதான் என்று முடிவு கட்டினேன்.

திங்கட்கிழமை செங் சாலையில் முப்பது மைலைத் தொட்டதும், சிணுங்கல்.

வண்டியை ஓரமாக நிறுத்தி மூடியைத் திறந்து, அவர் முன்னால் குனிந்து என்னதான் செய்தார் என்று தேடினேன். ஒன்றும் புதிதாக இல்லை. எல்லாம் இருந்தது இருந்த இடத்தில் இருந்தது. அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியாதபடி செய்திருக்கிறார். அவர் கையில் வராத சத்தம் என் கையில் மட்டும் ஏன் வருகிறது? திரும்பத் திரும்ப வரவழைக்கத்தான். துரைமார்கள் போய்விட்டார்கள், வேலை இல்லை, இருக்கிற ஒரு வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறார். எனக்கு எல்லாம் துல்லியமாகப் புரிந்துவிட்டதுபோல இருந்தது.

இரண்டாம் முறை போகும் முன் ஒரு காரியம் செய்தேன். ஆபீஸ் குறடை வீட்டுக்குக் கொண்டுவந்து, வண்டிக்கு அடியில் படுத்து, கியர் பெட்டியின் எண்ணெய்த் திருகாணிக்கு ஒன்றும் பின் அச்சின் திருகாணிக்கு ஒன்றுமாக இரண்டு ஈய முத்திரை குத்தினேன். மனைவி சமையலறை ஜன்னலில் இருந்து என் கால்களைப் பார்த்துவிட்டு, "காடி என்னா, சக்கரை கடையா?" என்றாள்.

சாயங்காலம் பட்டறையிலேயே குனிந்து பார்த்தபோது கியர் பெட்டி முத்திரை உடைந்திருந்தது, பின் அச்சு முத்திரை அப்படியே இருந்தது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்கு இருந்தது. உடைந்த முத்திரை அவர் உள்ளே கைவைத்தார் என்று சொன்னது. உடையாத முத்திரை அவர் பாதி வேலைதான் பார்த்தார் என்று சொன்னது. திறந்தால் திருடன், திறக்காவிட்டால் சோம்பேறி என்பது என் தீர்ப்பு. கியர் பெட்டியில் வாழைப்பழத் தோலும் இல்லை, மரத்தூளும் இல்லை, எண்ணெய் சுத்தமாக இருக்கிறது என்று அவர் சொன்னதையும் நம்பவில்லை.

அன்றும் சோதனை ஓட்டம். அன்றும் அவர் கையில் வண்டி வாயே திறக்கவில்லை. பட்டறைக்குத் திரும்பி இறங்கியதும் நேராகவே கேட்டேன்.

"அபாங், உங்கள் கையில் மட்டும் ஏன் சத்தம் வருவதில்லை? நீங்கள் என்ன செய்கிறீர்கள்?"

அவர் குழப்பமாக என்னைப் பார்த்தார். பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்:

"மூலா-மூலா சாமி துருன், கிராணி. லெப்பாஸ் இத்து பாரு சாயா பெகாங்."

துருன் என்றால் இறங்குவது. முதலில் சாமி இறங்கும், அதற்குப் பிறகுதான் நான் கை வைப்பேன். எனக்குக் கேட்டது அதுதான். நான் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன். தீமிதித் திருவிழாவில் சாமி இறங்கி ஆடியவர்களில் பாதிப் பேர் மறுநாள் கள்ளுக்கடையில் அதைச் சொல்லிச் சிரித்ததைப் பார்த்தவன். கோயிலில் இறங்கினால்கூட ஒரு மரியாதைக்குப் பேசாமல் இருக்கலாம். கார் பட்டறையிலுமா சாமி இறங்கும்? என்னை எவ்வளவு முட்டாள் என்று நினைத்திருந்தால் இதைச் சொல்லியிருப்பார்! எனக்குக் காது வரை சூடேறியது.

நேராகத் தவுக்கேயின் மேசைக்குப் போனேன். மனைவி சொன்னது எனக்கு மறக்கவில்லை. அதை மறந்துபோய்ச் சொன்னேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் ஞாபகம் இருக்கும்போதேதான் சொன்னேன்.

"தவுக்கே, உங்கள் ஆள் மேல் சாமி இறங்கித்தான் வண்டி ரிப்பேர் ஆகிறதாம். அவர் கையில் நிற்கிற சத்தம் என் கையில் வருகிறது. இரண்டு தடவை ஆகிவிட்டது."

தவுக்கே பேனாவைக் கீழே வைத்தார். "நிச்சயமா, கிராணி?" என்று கேட்டார்.

"நான் அளந்து பார்க்காமல் பேசுகிறவன் இல்லை" என்றேன்.

வெளியே வந்தபோது மெக்கானிக் வண்டியின் முன்னாலிருந்து எழுந்து ஒதுங்கி நின்றார். கையெல்லாம் சோப்பு வாசனை. "மெதுவாகப் போங்கள்" என்றார். நான் தலையைக்கூட அசைக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் இருந்து வந்த மனைவி என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டாம் நாள்தான் சொன்னாள். "அவர நிப்பாட்டிட்டாங்க. பத்தொம்பது வருசம். நீங்க இப்ப நிம்மதியா தூங்குங்க."

நான் நிம்மதியாகத்தான் இருந்தேன் என்று காட்டிக்கொண்டேன். பொய்த் தராசைப் பிடித்தால் கடைக்காரன் குடும்பம் அழத்தான் செய்யும் என்று அவளுக்கு விளக்கமும் சொன்னேன். வண்டியை வேறு பட்டறைக்கு எடுத்துப் போகவில்லை. சத்தம் பழகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பழகவில்லை. முப்பது மைலில் அது தொடங்கும்போதெல்லாம் அந்த மனிதர் ஒதுங்கி நின்ற கோலம் கண்முன் வந்தது, வந்ததும் கோபமும் வந்தது. அவர் மேல் கோபமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திர தினத்துக்கு, முந்திய வாரம். டவுன் முழுக்கக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் வண்டிகளும் ஆபீஸ்காரர்கள் வண்டிகளும் ஊர்வலத்தில் வரவேண்டும், பளபளவென்று இருக்க வேண்டும் என்று உத்தரவு. நான் காலையில் செங் பக்கம் ஒரு வேலையாகக் கிளம்பினேன். வெட்டவெளி வந்தது. முப்பது ஆயிற்று. நாற்பது ஆயிற்று. சிணுங்கல் இல்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது சந்தேகம். அந்த ஆள்தான் யாருக்கும் தெரியாமல் வந்து, தான் செய்து வைத்ததைத் தானே எடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மனச்சாட்சி உறுத்தியிருக்கும்! வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வாசலில் இருந்தே கத்தினேன்.

"யாராச்சும் வந்து காடியத் தொட்டாங்களா?"

மனைவி கொல்லையில் உட்கார்ந்து பித்தளை விளக்குகளைத் துலக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"நான்தான் தொட்டேன். இப்ப என்னா? ஊர்வலத்துக்கு எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும்னீங்கள்ல. சாமிய எறக்கி வச்சு புளி போட்டு வெளக்குறேன்."

"எதை?"

"சாமியத்தான்" என்று அந்தச் செம்புத் தகட்டைத் தூக்கிக் காட்டினாள். புளித்தண்ணீர் அவள் மணிக்கட்டு வழியாக ஒழுகியது. "இது கறுத்துப் போயி கெடக்கு, உங்களுக்கு எங்க கண்ணு தெரியப் போவுது."

சாமியை இறக்கி வைப்பது. மூலா-மூலா சாமி துருன். அந்தக் கம்பத்துப் பேச்சில் இறங்குவதும் துருன்தான், இறக்குவதும் துருன்தான். முதலில் சாமியை இறக்கி வைப்பேன், அதற்குப் பிறகுதான் வண்டியைத் தொடுவேன். அவர் சொன்னது அதுதான். எண்ணெய்க் கையால் சாமியைத் தொடக்கூடாது என்று சோப்புப் போட்டுக் கழுவி, கயிற்றை அவிழ்த்து, தகட்டை எங்கோ பத்திரமாக வைத்துவிட்டு வேலையைத் தொடங்கியிருக்கிறார். எல்லாம் முடிந்து, ஓட்டிப் பார்த்து, மறுபடியும் கை கழுவி, இருந்த இடத்திலேயே கட்டிவிட்டு, கும்பிட்டுவிட்டு வண்டியை என்னிடம் கொடுத்திருக்கிறார். அவர் கும்பிட்டது என்னை இல்லை.

ஈரத் தகட்டை அவள் கையில் இருந்து பிடுங்கிக்கொண்டு போய் மேல் முனைகளில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். செங் சாலைக்கு ஓட்டினேன். முப்பதில் சிணுங்கியது. நிறுத்தி அவிழ்த்தேன். வாயை மூடிக்கொண்டது. கட்டினேன், சிணுங்கியது. சாலையோரத்தில் நின்று இதை மூன்று தடவை செய்தேன். கீழ் முனை கட்டில்லாத மெல்லிய தகடு எதிர்க்காற்றில் பீப்பி ஊதியிருக்கிறது, அவ்வளவுதான். எண்ணெய் குடித்த நாயை விட்டுவிட்டு எதிரே வந்த நாயை அடித்தவன் கதையைச் சின்ன வயதில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அன்று சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தவன் அவன்தான்.

அப்படியே தெங்கேராவுக்குப் போனேன். பட்டறையில் பாதி இடத்தைத் தடுத்துச் சைக்கிள் கடைக்கு விட்டிருந்தார்கள். தவுக்கேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன்.

அவர் மறுபடியும் பேனாவைக் கீழே வைத்தார். கோபம்கூட இல்லை.

"இனிமேல் இங்கே ஒரு ஆளுக்குத்தான் வேலை, கிராணி. மற்றவனுக்கு வார்த்தை கொடுத்துவிட்டேன்." பிறகு சுவரில் தொங்கிய தராசைக் காட்டினார். அதில் என் ஈய முத்திரை இருந்தது. "நீ முத்திரை குத்தினால் நான் மறுபடியும் நிறுத்துப் பார்க்கிறதில்லை. உன் வார்த்தையையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்."

வெளியே வரும்போதுதான் பார்த்தேன். வாளி இருந்த மூலைக்கு மேலே சின்னதாக ஒரு பலகை, அதில் ஒரு அம்மன் படம், படத்துக்கு முன்னால் மடித்து விரித்த மஞ்சள் துணி. என் தகடு இரண்டு நாள் அங்கேதான் இருந்திருக்கிறது. துணியில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறைகூட இல்லை.

அங்கிருந்து செட்டி கம்பத்துக்கு. அவர் வாசலில் உட்கார்ந்து ஒரு கெரோசின் அடுப்பைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்குவதற்குள் எழுந்து வந்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன், திட்ட வேண்டும் என்றுகூட விரும்பினேன்.

"சத்தம் நின்றதா, கிராணி?" என்றுதான் கேட்டார். "பெல்ட்டும் இல்லை, கியர் பெட்டியும் இல்லை. படுத்தால் அந்த யோசனைதான். வேறு எங்கே இருக்கும் என்று பிடிபடவே இல்லை."

ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். தகடு, காற்று, சாமி துருனை நான் புரிந்துகொண்ட விதம், தவுக்கேயிடம் நான் சொன்னது, அன்று காலை தவுக்கே என்னிடம் சொன்னது, எல்லாம். அவர் கடைசி வரை கேட்டார். பிறகு உள்ளே போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, வண்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, தகட்டின் கீழ் முனையை ஒரு விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தார். அது ஆடியது.

"காற்று என்றால் இஞ்சினை அணைத்தாலும் கேட்டிருக்குமே" என்றார்.

"கேட்டது."

"நின்றுவிடும் என்றீர்களே?"

"சோதித்துப் பார்க்க அப்படிச் சொன்னேன்."

"எதை?"

"உங்களை" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் இஞ்சினைத் தொட்டிருக்கவே மாட்டார், ஐந்து நிமிஷத்தில் முன்பக்கத்துக்கு வந்திருப்பார். இது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. அவர் மனைவி கதவோரத்தில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல வெட்கமாக இருந்தது.

அவர் மனைவியிடம் மஞ்சள் கயிறு கேட்டு வாங்கினார். தகட்டின் கீழ் முனைகள் இரண்டையும் கம்பியோடு இழுத்துக் கட்டினார். மொத்த ரிப்பேரும் அதுதான். கும்பிட்டுவிட்டு எழுந்து, இந்த முறை என்னை ஓட்டச் சொல்லி, தான் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

குருபோங் சாலையில் போனோம். வழியெல்லாம் கொடிகள். அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பதில் ஒரு விரலை உயர்த்தினார், இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். நாற்பது. சரிவில் இஞ்சினை அணைக்கச் சொன்னார். அணைத்தேன். டயர் உருளும் ஓசையைத் தவிர வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. திரும்பி வரும் வழியில் அவர், அடுத்த வாரத்தில் இருந்து பஸ் கொட்டகையில் பஸ் கழுவும் வேலைக்குப் போவதாகச் சொன்னார்.

அவர் வீட்டு முன்னால் நிறுத்தினேன். அவர் இறங்கி, மூடிய கதவின் மேல் கையை வைத்தபடி சொன்னார்:

"கெர்ஜா ஹாபிஸ், கிராணி."

வேலை முடிந்தது. எடுத்த ரிப்பேர் முடிந்தது என்பதற்கும் அதைத்தான் சொல்வார்கள். உத்தியோகம் போயிற்று என்பதற்கும் அதைத்தான் சொல்வார்கள். இந்த முறை நானாக ஒரு அர்த்தம் பண்ணிக்கொள்ளவில்லை.

"எந்த வேலை, அபாங்?" என்று கேட்டேன்.

அவர் கதவில் இருந்து கையை எடுத்தார்.

"துவா-துவா" என்றார். இரண்டும்தான்.